ஒரு சத்தத்துக்குள்ள எத்தினை சத்தம்: கேள்வி பதில்

போன கிழமை சத்தம் பற்றி என்ன சந்தேகம் எண்டாலும் கேளுங்கோ எண்டு போட்டன், கனபேர் கேட்டிருக்கிறியள், சந்தோசம். நான் கோயில், கலியாண வீடு எண்டு மைக்கும் மிக்சரும் தூக்கித் திரியிறவன், அதுக்கு முதல் கொஞ்சக் காலம் பிசிக்ஸ் படிப்பிச்சனான், அதால ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவன்.

இணுவில் தம்பி ஒராள்: அண்ணை, நாதஸ்வரமும் புல்லாங்குழலும் ஒரே சுருதியில ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சாலும் கண்ணை மூடிக்கொண்டு எது எதெண்டு சொல்லலாம். சுருதி ஒண்டெண்டா வித்தியாசம் எங்கயிருந்து வருது?

தம்பி, 300 ஹேர்ட்ஸ் எண்டா செக்கனுக்கு 300 தரம் காத்து அதிருது எண்டு படிச்சிருப்பியள். ஆனா அந்த 300 தனிய வாறேல்ல, 600, 900, 1200 எண்டு அதின்ர மடங்குகளையும் கூட்டிக்கொண்டுதான் வரும், அதுகள்தான் மேற்றொனியள். நாதஸ்வரத்தில சீவாளி, அதான் வாயில வைச்சு ஊதுற நாணல் துண்டு, திறந்து மூடித் திறந்து மூடிக் காத்தை வெட்டி வெட்டி விடுறதால மேல இருக்கிற மேற்றொனியளும் நல்ல பலமா வரும், புல்லாங்குழலை மெல்லமா ஊதினா அந்த 300, அதாவது அடித்தொனிதான் முன்னுக்கு நிக்கும், மேல போகப்போக வத்திப்போகும். அந்தக் கலவையைத்தான் உங்கட காது "இது நாதஸ்வரம்" எண்டு பிடிக்குது.

வீட்டில வீணை இருந்தா ஒண்டு செய்து பாருங்கோ. வெறுந்தந்தியை மீட்டுங்கோ, அது கேட்டுக்கொண்டிருக்கேக்கையே தந்தியின்ர சரி நடுவில, பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர, விரல் நுனியால பஞ்சு மாதிரித் தொட்டு உடன எடுங்கோ, அழுத்தக் கூடாது. கீழ் ஸட்ஜம் அடங்கிப்போக மேல் ஸட்ஜம் தனியக் கேக்கும். அது நீங்கள் புதுசா உண்டாக்கினதில்லை, முதலே உள்ளுக்க இருந்ததுதான். இதை முதல் தரம் கேட்டண்டு நான் அந்த வீணையை விட்டு எழும்பேல்ல.

இன்னொண்டு, தொடக்கமும் முக்கியம். மீட்டினதை போன்ல ரெக்கோட் பண்ணி, மீட்டுப்படுற அந்த முதல் துளியை மட்டும் வெட்டிப்போட்டுக் கேளுங்கோ, வீணையெண்டு சொல்லவே யோசிப்பியள்.

சாவகச்சேரி அக்கா: பழைய லான்ட்போன்ல ஆம்பிளைக் குரலின்ர அடித்தொனி வராதெண்டு இவர் சொல்றார், அப்ப எங்கட அப்பான்ர குரல் எப்பிடி அப்பான்ர குரலாவே கேட்டது?

அவர் சொல்றது சரி அக்கா. அந்த லைனில ஏறக்குறைய 300 இலிருந்து 3400 ஹேர்ட்ஸ் மட்டும்தான் போகும். அப்பான்ர குரல் 120 எண்டு வைப்பம், 120 உம் 240 உம் லைனிலயே நிண்டிடும், 360, 480, 600 வந்து சேரும். இதுகளுக்கிடையில இருக்கிற இடைவெளியப் பாருங்கோ, எல்லாம் 120. மூளை அந்த இடைவெளியைப் பிடிச்சு, வராத 120 ஐ வந்ததாவே கேக்கப்பண்ணுது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் இந்தப் பாடத்தில இல்லை.

மிருதங்கம் பழகிற பிள்ளை: வலந்தலையில, வலக்கையால வாசிக்கிற பக்கத்தில, கறுப்பா இருக்கிறது ஏன் சேர்?

வட்டமா இழுத்துக் கட்டின வெறுந்தோலை அடிச்சா மேற்றொனியள் மடங்கில வராது, 1, 1.59, 2.14 எண்டு சிதறித்தான் வரும், அதால சுருதி பிடிபடாது. நடுவில இருக்கிற அந்தக் கறுப்பு, கரணை எண்டு சொல்றது, பாரத்தைக் கூட்டி, சிதறினதுகளை மடங்குக்குக் கிட்டக் கொண்டுவருது. சி.வி.ராமன் 1920 இல நேச்சர் சஞ்சிகையில இதைப்பற்றி எழுதினவர். பழைய ஆக்கள் காதால கேட்டுக் கேட்டே இதைக் கண்டுபிடிச்சிருக்கினம் பிள்ளை, அதை மறந்திடாதேங்கோ.

பருத்தித்துறை ஐயா: தம்பி, எங்கட கோயில் வீதியில ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டினா தேவாரம் ரெண்டு ரெண்டாக் கேக்குது, சத்தத்தைக் கூட்டினா இன்னும் மோசம்.

கூட்டாதேங்கோ ஐயா. எங்கட வெக்கைக்கு, 30 பாகையில, சத்தம் செக்கனுக்கு 349 மீற்றர் அளவிலதான் போகும், வயருக்குள்ள போற சிக்னலுக்கோ நேரமே எடுக்காது. 50 மீற்றர் தள்ளி ரெண்டாவது ஹோர்னுக்குப் பக்கத்தில நிக்கிறவருக்கு அந்த ஹோர்ன் முதல் கேக்கும், முன்னுக்கு இருக்கிறது 143 மில்லிசெக்கன் பிந்தி வரும், ஒரு எழுத்துச் சொல்லி முடிக்கிற நேரம் அது, பேந்தென்னெண்டு சொல் விளங்கும்? டிஜிற்றல் மிக்சர் எண்டா பின் ஹோர்னுக்கு அவ்வளவு டிலே போடச் சொல்லுங்கோ. அது இல்லாட்டி ஹோர்னுகளை ஒரே திசை பாக்கக் கட்டி, பின்னுக்கு இருக்கிறதின்ர சத்தத்தைக் குறையுங்கோ.

கொக்குவில்: 100 வாட் அம்பிளிபயரை 200 ஆக்கினா ரெண்டு மடங்கு கேக்குமோ?

இல்லை. சத்தத்தை அளக்கிற டெசிபல் கணக்கில 3 டெசிபல்தான் கூடும், மட்டுமட்டா விளங்கும். காதுக்கு ரெண்டு மடங்காத் தெரிய 10 டெசிபல் மட்டில வேணும், அதுக்கு 1000 வாட். காசை நல்ல ஸ்பீக்கருக்குப் போடுங்கோ.

கடைசியா ஒரு தங்கச்சி: ரெக்கோட் பண்ணேக்க சிவப்பு லைற் எரிஞ்சா பிறகு சொப்ட்வெயாரில சரிப்படுத்தலாம்தானே?

ஏலாது தங்கச்சி. அலையின்ர தலை மிசினின்ர எல்லைக்கு மேல போனா அங்க தட்டையா வெட்டுப்படும், வெட்டுப்பட்ட அந்த மூலையள் உள்ளுக்க இல்லாத புது மேற்றொனியளை உண்டாக்கும், அதுதான் அந்தக் கரகரப்பு. நானும் ஒருக்கா ஒரு கலியாண வீட்டில தாலிகட்டேக்க கெட்டிமேளம் எழும்பும் எண்டு தெரிஞ்சும் கெயினை, அதான் மைக்கிலயிருந்து வாற சிக்னலைப் பெருப்பிக்கிற அளவை, குறைக்காம விட்டிட்டன், அந்த ஒரு நிமிசம் முழுக்கப் பழுது, சொப்ட்வெயாரில இழைச்சுப் பாத்தும் தவில் தவிலா வரேல்ல, அந்தப் பிள்ளையின்ர அம்மாவுக்குச் சொல்லேக்க என்ர குரல் வரேல்ல. உச்சச் சத்தத்தை முதலே ஒருக்கா வாசிக்கச் சொல்லி, மிசினின்ர எல்லையை 0 எண்டு வைச்சா அது மைனஸ் 12 டெசிபலுக்கு மேல ஏறாத மாதிரிக் கெயினை வையுங்கோ.