சேவ் செய்தாலும் கலைந்தே கிடக்கும் வியூ மேக்ரோ

கேள்வி: ரஸ்ட் மொழியில், லெப்டோஸ் என்ற ஃப்ரேம்வொர்க் கொண்டு ஒரு வலைச் செயலி எழுதி வருகிறேன். எடிட்டரில் சேவ் செய்ததும் ஃபங்ஷன்கள் எல்லாம் ஒழுங்காகிவிடுகின்றன. வியூ மேக்ரோவுக்குள் இருக்கும் எச்டிஎம்எல் மட்டும் நான் எப்படி அடித்தேனோ அப்படியே நிற்கிறது. டெர்மினலில், நிரலைச் சீராக்கும் கார்கோ எஃப்எம்டி கட்டளையை ஓட்டிப் பார்த்தேன், அதே கதைதான். செட்டிங்கில் எதையாவது விட்டுவிட்டேனா? இதைத் தானாகச் சீராக்க வழி உண்டா?

பதில்: நீங்கள் எதையும் விடவில்லை. எடிட்டரும் கார்கோ எஃப்எம்டியும் கூப்பிடும் ஃபார்மேட்டரான ரஸ்ட்எஃப்எம்டி அந்த இடத்தை வேண்டுமென்றேதான் தொடாமல் விடுகிறது. செட்டிங்கை எவ்வளவு துழாவினாலும் அது மாறாது. வேறு கருவி வேண்டும்.

காரணம் இதுதான். மேக்ரோ என்பது கம்பைல் ஆகும்போது வேறு நிரலாக விரியும் துண்டு; அதற்குள் என்ன எழுதலாம் என்பதை அந்த மேக்ரோவை எழுதியவர்தான் முடிவு செய்கிறார். ரஸ்ட் கம்பைலரைப் பொறுத்தவரை அடைப்புக்குள் இருப்பது வெறும் டோக்கன்களின், அதாவது சொல், குறி போன்ற சிறு துண்டுகளின் வரிசை. ஒரு சிறிய கோணக்குறி வந்தால் அது ‘விடக் குறைவு’ என்ற ஒப்பீடா, எச்டிஎம்எல் டேக்கின் தொடக்கமா என்று ரஸ்ட்எஃப்எம்டிக்குத் தெரியாது. அதனால் அது ஒரு எளிய கொள்கையை வைத்திருக்கிறது. வட்ட அடைப்பிலோ சதுர அடைப்பிலோ எழுதிய மேக்ரோவின் உள்ளே இருப்பது சாதாரண ரஸ்ட் எக்ஸ்பிரஷன்களாகப் படிக்க வந்தால் சீராக்கும், வராவிட்டால் விட்டுவிடும். நெளி அடைப்பு என்றால் பெயருக்கும் அடைப்புக்கும் நடுவே ஒரு இடைவெளி போடும், உள்ளே எழுதியதன் அமைப்பில் கை வைக்காது. வட்ட அடைப்பில் எழுதும் பிரிண்ட்எல்என் மேக்ரோ ஒழுங்காவதும் நெளி அடைப்பில் எழுதும் வியூ அப்படியே நிற்பதும் இதனால்தான். நெளி அடைப்பை வட்ட அடைப்பாக மாற்றிப் பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். டேக்குகள் ரஸ்ட் எக்ஸ்பிரஷன் ஆகாது, ஆகவே அதில் பலன் இல்லை.

சரி, தீர்வுக்கு வருவோம். லெப்டோஸுக்கென்றே லெப்டோஸ்எஃப்எம்டி என்று ஒரு ஃபார்மேட்டர் இருக்கிறது. கார்கோ இன்ஸ்டால் வழியாக நிறுவிக்கொள்ளலாம். கோப்புப் பெயர்களைக் கொடுத்து ஓட்டினால் வியூ மேக்ரோக்களைத் தேடிப் பிடித்து, டேக்குகளையும் ஆட்ரிப்யூட்களையும் உள்ளே இருக்கும் க்ளோஷர்களையும் (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்கள்) உரிய உள்தள்ளலோடு அடுக்கிவிடும். ஒரே வரியில் டிவ், அதற்குள் பட்டன், பட்டனுக்கு ஒரு க்ளாஸ், ஒரு ஆன்-கிளிக், அதில் எண்ணிக்கையைக் கூட்டும் க்ளோஷர் என்று நெருக்கி எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வரி அகலத்தை மீறினால் ஒவ்வொரு ஆட்ரிப்யூட்டும் தனி வரிக்கு இறங்கும், பட்டனின் உரை ஒரு படி உள்ளே போகும்.

எடிட்டரில் சேவ் செய்யும்போது இது நடக்க வேண்டுமானால், எடிட்டருக்கு ரஸ்ட் ஆதரவு தரும் ரஸ்ட்-அனலைசரின் அமைப்பில் ரஸ்ட்எஃப்எம்டி பிரிவின் கீழ் ‘ஓவர்ரைட் கமாண்ட்’ என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே மூன்று சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுக்க வேண்டும்: லெப்டோஸ்எஃப்எம்டி, ஸ்டிடிஇன் ஃப்ளாக், ரஸ்ட்எஃப்எம்டி ஃப்ளாக். ஸ்டிடிஇன் ஃப்ளாக், கோப்பைத் தொடாமல் எடிட்டர் அனுப்பும் உரையை வாங்கித் திருப்பித் தரச் சொல்கிறது. ரஸ்ட்எஃப்எம்டி ஃப்ளாக், மேக்ரோ வேலை முடிந்ததும் மொத்தத்தையும் ரஸ்ட்எஃப்எம்டியிடம் கொடுத்து வாங்கச் சொல்கிறது. அந்தக் கடைசி ஃப்ளாக்கை விட்டுவிட்டால் வியூ ஒழுங்காகி, மற்ற நிரல் கலைந்து கிடக்கும். பிரச்சினை அப்படியே தலைகீழாகிவிடும்!

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டியிருக்கிறேன். எல்லாம் சரியாக எழுதியபின் சேவ் செய்தால் எதுவுமே சீராகாது. எடிட்டரின் அவுட்புட் பகுதியைத் திறந்தால், 2015 எடிஷனில் (ரஸ்ட் மொழி விதிகளின் ஒரு பதிப்பு) அசிங்க் ஃபங்ஷனுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பிழை நிற்கும். புராஜெக்டின் அமைப்புக் கோப்பான கார்கோ.டோம்லில் 2021 என்று எழுதி வைத்திருக்கிறோமே, இந்த 2015 எங்கிருந்து வந்தது என்று குழம்பிப்போனேன். கார்கோ எஃப்எம்டி ஓடும்போது அது கார்கோ.டோம்லைப் படித்து எடிஷனை ரஸ்ட்எஃப்எம்டிக்குச் சொல்லிவிடுகிறது. ரஸ்ட்எஃப்எம்டியை நேரடியாகக் கூப்பிட்டால் அந்தக் கோப்பை அது பார்ப்பதே இல்லை. யாரும் சொல்லாவிட்டால் 2015 என்றே எடுத்துக்கொள்ளும். புராஜெக்டின் மேல்நிலை ஃபோல்டரில் ரஸ்ட்எஃப்எம்டி.டோம்ல் என்ற கோப்பை வைத்து, அதில் எடிஷன் 2021 என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

இன்னொன்று: ஓவர்ரைட் கமாண்ட் எடிட்டருக்கு மட்டும்தான். டெர்மினலில் கார்கோ எஃப்எம்டி அடித்தால் பழைய ரஸ்ட்எஃப்எம்டியே ஓடும். அது வியூவுக்குள் கை வைக்காது என்பதால் சண்டை வராது. ஆனாலும் தானியங்கிச் சோதனையில் கார்கோ எஃப்எம்டியின் செக் மட்டும் இருந்தால், கலைந்த வியூ பச்சைக்கொடியோடு உள்ளே வந்துவிடும். லெப்டோஸ்எஃப்எம்டிக்கும் செக் ஃப்ளாக் உண்டு, இரண்டையும் போடுங்கள். குழுவில் எல்லோரும் ஒரே பதிப்பை நிறுவியிருப்பதும் முக்கியம். இல்லையென்றால் ஒருவர் சேவ் செய்தால் ஒரு அமைப்பு, அடுத்தவர் சேவ் செய்தால் வேறொன்று என்று டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) முழுக்கக் குப்பைதான்.

முதல் தடவை மொத்த புராஜெக்டிலும் ஓட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் கமிட் செய்துவிடுங்கள். கமெண்ட்களுக்காகத்தான் சொல்கிறேன். இரண்டு சாய்கோடு போட்டு எழுதும் சாதாரண கமெண்ட்கள் டோக்கன் வரிசையில் சேர்வதே இல்லை, படிக்கும் கட்டத்திலேயே உதிர்ந்துவிடுகின்றன. டோக்கன்களை வைத்து மேக்ரோவைத் திரும்ப எழுதும் எந்தக் கருவிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. லெப்டோஸ்எஃப்எம்டி மூல உரையைத் திரும்பப் பார்த்துக் கமெண்ட்களை மீண்டும் பொருத்துகிறது. ஆனால் எல்லா மூலையிலும் அது கைகூடும் என்று நம்பி இருக்காதீர்கள். ஆட்ரிப்யூட்களுக்கு நடுவே செருகிய கமெண்ட்கள்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். ஓட்டியபின் டிஃப்பில் சாய்கோட்டுடன் நீங்கிய வரிகளை மட்டும் ஒரு கண் பாருங்கள். அப்படி ஒரு கமெண்ட் தேவைப்படும் அளவுக்கு அந்த க்ளோஷர் சிக்கலாக இருந்தால், அதை வியூவுக்கு மேலே ஒரு லெட் வரியாக இறக்கி, கமெண்ட்டை அங்கே எழுதுவது நல்லது. அங்கே ரஸ்ட்எஃப்எம்டியின் முழு கவனிப்பும் அதற்குக் கிடைக்கும். மேக்ரோவுக்குள் இருக்கும் ரஸ்ட் துண்டுகளை லெப்டோஸ்எஃப்எம்டி தன் சொந்த அச்சு முறையில்தான் அடுக்குகிறது, ரஸ்ட்எஃப்எம்டி.டோம்லில் நீங்கள் எழுதிய விருப்பங்கள் எல்லாம் அங்கே செல்லுபடியாகாது.

உரையை மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள். குறி இல்லாமலும் எழுதலாம்தான். ஆனால் வரி உடையும்போது இடைவெளி கூடியதா குறைந்ததா என்ற கவலை வரும். மேற்கோளுக்குள் இருப்பது சரம், அதை ஃபார்மேட்டர் மாற்றாது.

விருப்பங்களுக்கு லெப்டோஸ்எஃப்எம்டி.டோம்ல் என்று தனிக் கோப்பு. வரி அகலம் இயல்பாக 100, உள்தள்ளல் 4. பெரும்பாலும் இவற்றைத் தொட வேண்டியதில்லை. வியூவைச் சுற்றி வேறு பெயரில் சொந்த மேக்ரோ எழுதி வைத்திருந்தால், அந்தப் பெயரை மேக்ரோ பெயர்கள் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள், சேர்க்காவிட்டால் அதைக் கண்டுகொள்ளாது. டெய்ல்விண்ட் என்ற சிஎஸ்எஸ் ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்துபவர்கள் க்ளாஸ் மதிப்புகளை வரிசைப்படுத்தவும் அங்கேயே சொல்லலாம்.

எல்லாம் அமைத்தபிறகும் ஒரே ஒரு கோப்பு மட்டும் அடம் பிடிக்கிறதா? பெரும்பாலும் எங்கோ ஒரு டேக் மூடாமல் இருக்கும், அல்லது அடைப்பு ஒன்று குறையும். டெர்மினலில் அந்தக் கோப்பை மட்டும் கொடுத்து ஓட்டுங்கள், எடிட்டர் விழுங்கிய பிழைச் செய்தி அங்கே தெரியும்.

நாளைக்கு வேறு ஃப்ரேம்வொர்க்குக்கு மாறினாலும் வழி இதேதான், கருவி மட்டும் மாறும். டயாக்ஸஸின் ஆர்எஸ்எக்ஸ் மேக்ரோவுக்கு அதன் சொந்த டிஎக்ஸ் கருவியிலேயே எஃப்எம்டி கட்டளை இருக்கிறது. யூவின் எச்டிஎம்எல் மேக்ரோவுக்கு யூ-எஃப்எம்டி. இது ரஸ்ட்எஃப்எம்டியைக் கிளைத்து எடுத்துச் செய்தது என்பதால், ரஸ்ட்எஃப்எம்டி என்ற சூழல் மாறியில் அதன் பெயரைக் கொடுத்துவிட்டால் கார்கோ எஃப்எம்டியே அதைக் கூப்பிட்டுக்கொள்ளும்.

அப்புறம், அந்த முதல் பெரிய சீரமைப்பை வேறு எந்த மாற்றத்தோடும் கலக்காமல் தனி கமிட்டாகப் போடுங்கள். அதன் ஹேஷை, கிட்-ப்ளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த கோப்பில் எழுதி, கிட் கான்ஃபிக்கில் ப்ளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) இக்னோர் கோப்பாக அதைக் காட்டுங்கள். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு; கிட்ஹப் அந்தப் பெயரைப் பார்த்தாலே புரிந்துகொள்ளும். இதைச் செய்யாவிட்டால், வியூவில் எந்த வரியை யார் எழுதினார்கள் என்று பார்த்தாலும் உங்கள் பெயர்தான் வரும்.