சுகர் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சர்க்கரை நோய் கிளினிக்கில் பல வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, அதைத் தவிர எதையும் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வெறும் வயிற்றில் 112தான், ஆனால் ஹெச்பிஏ1சி 8.4. எது சரி அக்கா?

பதில்: இரண்டும் சரிதான். வெறும் வயிற்று ரீடிங் அன்றைய காலை நிலவரம். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்தால் இது இறங்காது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஏறியிருக்கும். அப்புறம், சுகர் ஏறியே இருந்தால் கால் மரத்துப் புண் வந்தாலும் தெரியாமல் போகலாம், அதனால் அப்பாவின் உள்ளங்காலை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கருப்பட்டி காபி குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே, சுகர் ஏறும்.

கேள்வி: இன்சுலின் பேனா உடைந்துவிட்டது. கார்ட்ரிட்ஜில் இருப்பதைச் சிரிஞ்சில் எடுத்துப் போடலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள்! நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச் அதற்கானது. கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட், தூக்கத்திலேயே சுகர் இறங்கி மயங்கிவிடுவார். வேறு பேனா கிடைக்கும்வரை என்ன போடுவது என்று டாக்டருக்கு இப்போதே போன் செய்யுங்கள்.

கேள்வி: நாட்டுச் சர்க்கரை?

பதில்: கருப்பட்டிக்குச் சொன்னதுதான்.

கேள்வி: எங்கள் தாத்தா கருப்பட்டி தின்றே 90 வயது வரை இருந்தார். பனைத் தொழிலை ஏன் கெடுக்கிறீர்கள்?

பதில்: பனையேறிகள் மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு, சுகர் இல்லாத வீட்டில் தாராளமாக வாங்குங்கள். தாத்தாவுக்குச் சுகர் இருந்ததா, நாள் முழுக்க வெயிலில் உழைத்தாரா, அதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? நான் சொல்வதை நம்ப வேண்டாம். குளுக்கோமீட்டரில் கருப்பட்டி காபி குடிப்பதற்கு முன்னால் ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குத்திப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, தேன்?

பதில்: கேட்ட இனிப்புகளில் இது மூன்றாவது. தேனும் ஏற்றும். சுகர் 70க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்தால் மட்டும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கினவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

கேள்வி: பாதம் மரத்த மாதிரி இருக்கிறது. வலி இல்லையே, விட்டுவிடலாமா?

பதில்: வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருவர் ஷூவைக் கழற்றினார், சாக்ஸ் அடியில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஷூவின் அடியிலிருந்து ஒரு ஆணி முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார். "ஈரமா இருந்துச்சு, வேர்வைன்னு நினைச்சேன்" என்றார். நரம்பு கெட்டால் இப்படித்தான். இந்த வாரமே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், போடும் முன்னால் செருப்பைத் தட்டி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள், பார்த்துச் சொல்வான்.