ஹனிபாட்டைக் கையால் நிறுவலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். முன்பின் தெரியாத ஐபி முகவரிகளிலிருந்து எங்கள் சர்வரின் எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் பாதுகாப்பான நுழைவழி) நுழைய யாரோ ஓயாமல் முயல்வது லாக்கில் தெரிகிறது. ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) ஹனிபாட், அதாவது ஊடுருவுவோரை ஈர்த்துக் கவனிக்கும் பொறி, நிறுவி அவர்களைக் கவனிக்க விரும்புகிறேன். ஆயத்தத் தொகுப்புகள் கிடைக்கும்போது கையால் நிறுவுவது வீண் வேலை என்கிறார் நண்பர். தங்கள் கருத்து என்ன, ஐயா?

– வாசகர், கடலூர்

பதில்: பல ஹனிபாட்டுகளைச் சேர்த்துத் தரும் டி-பாட் போன்ற தொகுப்புகள் நல்லவைதாம், ஆனால் அவை நிறைய ரேம் கேட்கும், உள்ளே எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. எஸ்எஸ்ஹெச், அதற்கு முந்தைய பாதுகாப்பில்லாத நுழைவழியான டெல்நெட் இரண்டையும் போலியாக நடித்துக் காட்டும் கவ்ரி என்ற ஒன்றை மட்டும் கையால் நிறுவுங்கள்.

அலுவலகக் கணினியில் விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து, பிரிட்ஜ் முறையில் (அலுவலக நெட்வொர்க்கிலேயே நேரடியாக) இணைத்துவிடாதீர்கள். பில் போடும் கணினிக்குப் பக்கத்திலேயே வெளியாருக்குத் திண்ணை போட்டுக் கொடுத்ததாகிவிடும். வீட்டு இணைப்பிலோ, பலருக்கும் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்தளிக்கும் இணையச் சேவை நிறுவனமாக இருந்தால், வெளியிலிருந்து ஒருவரும் வந்து சேரமாட்டார்கள். ஆகவே கிளவுடில் சிறிய மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அந்தக் கிளவுட் நிறுவனத்தின் விதிகள் இதை அனுமதிக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, உங்களுடைய கோப்போ கடவுச்சொல்லோ எதுவும் அதில் இல்லாதபடி தொடங்குங்கள்.

முதல் வேலை, உண்மையான எஸ்எஸ்ஹெச்சை 22ஆம் போர்ட்டிலிருந்து (நெட்வொர்க் வாசல் எண்) வேறு போர்ட்டுக்கு மாற்றி, சாவிக் கோப்பு வழியாக மட்டும், உங்கள் முகவரியிலிருந்து மட்டும் நுழையும்படி ஃபயர்வாலில் கட்டுப்படுத்துவது. புதிய போர்ட்டில் இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்த பிறகே பழைய இணைப்பை மூடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்க நேரும். அடுத்து, கடவுச்சொல்லால் நுழைவது முடக்கப்பட்ட தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, அவர் பெயரில் பைத்தான் விர்ச்சுவல் சூழலுக்குள் (மற்ற நிரல்களோடு கலக்காத தனி இடம்) கவ்ரியை நிறுவுங்கள். அதை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஒருபோதும் இயக்கக்கூடாது. அது 2222ஆம் போர்ட்டில் காத்திருக்கும்; 22க்கு வருவதை அங்கே திருப்பிவிட லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் ஒரு விதி போதும். கவ்ரியின் இயல்பான ஹோஸ்ட் பெயர் 'எஸ்விஆர்04' என்பதும், அதன் போலிப் பயனர் 'ஃபில்' என்பதும் ஊரறிந்தவை. இரண்டையும் மாற்றாவிட்டால் விவரம் தெரிந்தவர் பார்த்ததும் திரும்பிவிடுவார்.

பலரும் கோட்டை விடுவது வெளியே போகும் வழியில்தான். வந்தவர் இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் 'டபிள்யூகெட்' கட்டளை கொடுத்தால், கவ்ரி அந்தக் கோப்பை உங்கள் மெஷினின் இணைப்பு வழியாக உண்மையாகவே இறக்கி, ஷா-256 மதிப்பையே (கோப்பின் கைரேகை போன்றது) பெயராக வைத்துச் சேமிக்கும். அந்த மால்வேர் (தீய நிரல்) மாதிரிகளை ஆராயத் தெரியும்வரை, வெளிச்செல்லும் இணைப்புகளை ஃபயர்வாலில் அடைத்துவிடுவதே என் பரிந்துரை. மாதிரிகள் சேராமல் போகலாம், கட்டளைகள் எப்படியும் பதிவாகும்.

பதிவுகள் ஜேசன் என்ற உரைவடிவக் கோப்பில், யூடிசி (உலகப் பொது) நேரத்தில் இருக்கும்; நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 'ரூட்', '123456' என்று நுழைந்து, 'யூநேம்' கட்டளையால் மெஷின் வகையை விசாரித்துவிட்டுச் சில நொடிகளில் மறையும் வரிகளைக் கண்டால் எதிரில் ஆள் இருப்பதாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது தானியங்கி நிரல்தான். 2016இல் பரவிய மிராய் என்ற மால்வேரும் இப்படித்தான், மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக் கொண்டு கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. எனவே, வந்த முகவரியைத் திருப்பித் தாக்கப் போகாதீர்கள்: அது கேமரா பறிகொடுத்த ஓர் அப்பாவியுடையதாக இருக்கலாம், அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமுமாகும்.

இது கைவந்த பிறகு, முதலாளியின் எழுத்துபூர்வ அனுமதியுடன், இன்னொரு ஹனிபாட்டை அலுவலக நெட்வொர்க்குக்குள், இணையத்துக்குக் காட்டாமல் வையுங்கள். யாருக்கும் வேலையில்லாத மெஷினை உள்ளிருந்து ஒரு கணினி தட்டினால், அது ஊடுருவப்பட்டிருக்கலாம்; முதலில் அந்தக் கணினியின் கேபிளைப் பிடுங்குங்கள். ஊடுருவல் உறுதியானால், 2022 ஏப்ரல் 28 ஆணைப்படி 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான சர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.