ஒரே ஒலி, வேறு சொல்

கேள்வி: 'ஸ்டேஷனரி' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஆர்' எழுத்துக்கு முன்னால் 'ஏ' வருமா, 'ஈ' வருமா?

பதில்: தாள், பேனா, உறை போன்ற எழுதுபொருள் என்றால் 'ஈ'. அசையாமல் நிற்பது என்றால் 'ஏ'. 'பேப்பர்' என்ற சொல் 'ஈ', 'ஆர்' என்றுதான் முடிகிறது. அதை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால், பிழைதிருத்தும் மென்பொருள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் 'நில்' என்னும் பொருளுள்ள வினையிலிருந்து வந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி விற்றவர்கள் ஏராளம். பல்கலைக்கழகங்களை ஒட்டி ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டு நூல் விற்றவரையோ 'ஸ்டேஷனர்' என்றார்கள். லண்டனில் அவர்களுடைய சங்கம் 1403-ல் அமைந்து, 1557-ல் அரச சாசனம் பெற்றது. நூல் வியாபாரம் பின்னர் தனித் தொழிலாகிவிட, தாளும் மையும் விற்றவரிடமே அந்தப் பெயர் தங்கிவிட்டது.

கேள்வி: 'காம்ப்ளிமென்ட்' என்றால் பாராட்டா, நிறைவு செய்வதா?

பதில்: நடுவில் 'ஐ' இருந்தால் பாராட்டு, 'ஈ' இருந்தால் நிறைவு செய்வது. 'கம்ப்ளீட்' என்ற சொல்லிலும் அதே இடத்தில் 'ஈ' இருப்பதைக் கவனியுங்கள். இலவசமாகத் தருவதைக் குறிக்கும் 'காம்ப்ளிமென்டரி'க்கு 'ஐ'தான். அதிகம் தவறுவது இங்கேதான்.

கேள்வி: மாவுக்கும் பூவுக்கும் ஆங்கிலத்தில் 'ஃப்ளவர்' என்று ஒரே ஒலி. தற்செயலா?

பதில்: இல்லை, ஒரே சொல் இரண்டாகப் பிரிந்ததுதான். தானியத்தை அரைத்துச் சலித்தபின் கிடைக்கும் மிக நயமான பகுதியை அதன் 'பூ' என்றார்கள். எழுத்தும் வெகுகாலம் ஒன்றாகவே இருந்தது. 1755-ல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும் மாவுக்குத் தனி எழுத்துக்கூட்டல் கிடையாது. மிக அழகான பிரிவு இது!

கேள்வி: அப்படியானால் பாலைவனத்தைக் குறிக்கும் 'டெஸர்ட்'டுக்கும் சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பைக் குறிக்கும் 'டிஸர்ட்'டுக்கும் உறவு உண்டா?

பதில்: துளியும் இல்லை. பாலைவனம் லத்தீனில் 'கைவிடப்பட்ட இடம்'; ஒரு 'எஸ்', அழுத்தம் முதல் அசையில். இனிப்பைக் குறிக்கும் சொல், பிரெஞ்சில் மேசையை ஒழித்துத் துடைப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. தட்டுகளை எடுத்தபின் பரிமாறப்படுவது என்று பொருள். இரண்டு 'எஸ்', அழுத்தம் இரண்டாம் அசையில். 'கைவிடு' என்ற வினையின் ஒலியும் இதே போலத்தான், ஆனால் அதற்கு ஒரு 'எஸ்' போதும். 'ஜஸ்ட் டிஸர்ட்ஸ்' என்ற தொடருக்கு இரண்டு 'எஸ்' போடுகிறவர்கள் பலர். அது தவறு; அங்கே வருவது 'டிஸர்வ்' என்ற சொல்லோடு சேர்ந்து பிறந்த, 'தகுந்த பலன்' எனப் பொருள்படும் மூன்றாவது சொல்.