குயின்ஸ் போன்சாய்: வசந்தத்தில் மண் மாற்றாதீர்கள்

போன்சாய் (தொட்டியில் குறுக்கி வளர்க்கும் மரம்) பற்றி இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பூக்குயின்ஸ் பற்றியவை. இலை வருமுன்பே முள்ளும் மலருமாக நிற்கும் இச்செடியைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அதை வாங்கிவந்தபின் மேப்பிளைப்போல், பைனைப்போல் மரமாக நினைத்து வளர்க்கிறார்கள். குயின்ஸ் ஒரு புதர். கீழே உள்ள தொல்லைகளில் பாதி அதை மறந்ததால் வந்தவை.

வசந்தம் தொடங்கியதும் மற்ற போன்சாய்களோடு சேர்த்து இதற்கும் மண் மாற்றினேன். அடுத்த முறை தொட்டியிலிருந்து எடுத்தபோது வேரில் பட்டாணி அளவில் முடிச்சுகள். என்ன நோய் இது?

முதலில் அந்த முடிச்சை உற்றுப் பாருங்கள். மெல்லிய வேர்களின் ஓட்டத்திலேயே மணிமாலைபோல ஆங்காங்கே வேர் பருத்திருந்தால் அது நூற்புழுவின் வேலை. அடித்தண்டும் வேரும் சேரும் இடத்தில், அல்லது முன்பு வேரை வெட்டிய வாயில், காலிஃபிளவர் துண்டை ஒட்டவைத்தாற்போல ஒரு கட்டி இருந்தால் அது கழலை நோய். இளங்கட்டி வெளிறி மென்மையாக இருக்கும். முற்றினால் கறுத்து மரக்கட்டையாகிவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் தெரிகிறது.

காரணம் அக்ரோபாக்டீரியம் என்ற மண்வாழ் பாக்டீரியா. காயத்தின் வழியே நுழைந்து, தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள்ளேயே செருகிவிடும். பிறகு செடியே அந்தக் கட்டியை வளர்த்துக் கொடுக்கும். மருந்து ஊற்றி இதைத் தீர்க்க முடியாது. கட்டியை நல்ல வேர்ப்பகுதி தெரியும்வரை வெட்டி எடுங்கள். பழைய மண்ணை வேறு எந்தச் செடிக்கும் போடாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். செடி இன்னும் பல ஆண்டுகள் வாழக்கூடும். ஆனால் அது நோய்ச்செடி என்பதை மறக்காமல் தனியே வையுங்கள்.

இனி வேர் வெட்டுவதை இலையுதிர்காலத்திற்குத் தள்ளிவையுங்கள். ஜப்பானிய வளர்ப்பாளர்கள் குயின்ஸுக்கு இந்த விதிவிலக்கை வைத்திருப்பது சும்மா அல்ல. வசந்தத்தில் மண் சூடேற ஏற பாக்டீரியா சுறுசுறுப்பாகிறது. அப்போது வெட்டுக்காயம் அதற்குத் திறந்துவைத்த வாசல். இலையுதிர்காலத்தில் மண் குளிர்ந்துகொண்டே போகும், பாக்டீரியா ஓயும், வேரோ இன்னும் சில வாரம் வேலை செய்து காயத்தை ஆற்றிக்கொள்ளும். புதிதாக மண் மாற்றிய தொட்டி கடுங்குளிரில் உறைந்துபோகாமல் காப்பது உங்கள் பொறுப்பு.

இதை நானும் அடிபட்டுத்தான் கற்றேன். என் முதல் குயின்ஸுக்குப் பூ உதிர்ந்த கையோடு வேர் வெட்டினேன். இரண்டு ஆண்டு கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தபோது ஏழு கட்டிகள். எண்ணிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

அடியிலிருந்து கன்றுகள் வெட்ட வெட்ட வருகின்றன. எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது. பெரும்பாலான மரங்களில் உச்சிக்குத்தான் பலம். இதில் அடிக்குப் பலம். அதனால்தான் பல தண்டுகள் சேர்ந்து நிற்கும் கொத்து வடிவம் இதற்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஒற்றைத் தண்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கன்று ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போதே விரலால் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். விட்டுவைத்தால் ஒரே பருவத்தில் மேலே போகவேண்டிய வலுவையெல்லாம் அது உறிஞ்சிவிடும். கொத்து வடிவம் என்றால், பழைய தண்டு தளரும்போது இடம் நிரப்ப ஒன்றிரண்டு கன்றுகளை விட்டுவைப்பது நல்லது. புதர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழி அதுதான்.

வெட்டிய கன்றில் ஓரிரு வேர் ஒட்டிவந்தால் எறிந்துவிடாதீர்கள். இலவசமாகக் கிடைத்த அடுத்த போன்சாய்.

நான்கு ஆண்டாகிறது, ஒரு பூ இல்லை. செழிப்பாக மட்டும் வளர்கிறது.

“செழிப்பாக” என்று நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும். உரத்தின் அளவைக் குறையுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் கொடுங்கள்.

அடுத்த சந்தேகம் உங்கள் கத்தரிமீது. மலர்மொட்டு முந்தைய ஆண்டின் தண்டிலும், முதிர்ந்த கிளையின் குறுங்கிளைகளிலும் கோடையிலேயே உருவாகத் தொடங்குகிறது. வடிவம் கெடுகிறதே என்று கோடை முழுவதும் நுனி கிள்ளிக்கொண்டே இருந்தால் செடி மறுபடி மறுபடி தளிர் விடுவதிலேயே காலத்தைக் கழிக்கும். பூ முடிந்ததும் ஒருமுறை கவாத்து செய்யுங்கள். பிறகு வரும் நீண்ட தளிர்களைப் பார்க்கச் சகிக்காவிட்டாலும் வளரவிடுங்கள். இலையுதிர்காலத்தில் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் போதும். வெட்டுமுன் மொட்டுகளைப் பாருங்கள்: உருண்டு, பருத்து, சிறு கொத்தாக இருப்பது மலர்மொட்டு, மெலிந்து, தண்டோடு ஒட்டிக் கூராக இருப்பது இலைமொட்டு.

குளிர்காலமே இல்லாத இடத்தில் வளர்க்கிறீர்கள் என்றால் என் ஆலோசனை எதுவும் முழுப் பலன் தராது. உறக்கநிலைக்குச் சில வாரக் குளிர் தேவை. அதைக் குளிரூட்டிய வரவேற்பறை ஈடுசெய்யாது.

புதிய இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை.

இரும்புச்சத்துக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. சுண்ணாம்பு மிகுந்த நீர் மண்ணைக் காரமாக்கி அதை வேருக்கு எட்டாமல் செய்துவிடுகிறது. மழைநீர் ஊற்றுங்கள். அவசரத்திற்கு வேரால் உறிஞ்சத்தக்க கொடுக்கிணைப்பு (கீலேட்) வடிவ இரும்பு உரம் உதவும்.

நடுக்கோடையில் எல்லா இலையும் உதிர்ந்துவிட்டது. செத்துவிட்டதா?

நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. குயின்ஸ் தண்ணீருக்குப் பேராசைக்காரச் செடி. ஒருநாள் காய்ந்தாலும் இலையைக் கொட்டிவிடும். உதிர்ந்த இலைகளில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் இலைப்புள்ளி நோய். அவற்றைப் பொறுக்கி அகற்றுங்கள், மாலையில் இலைமேல் நீர் தெளிக்கும் பழக்கத்தை விடுங்கள்.

கம்பி கட்டலாமா?

தளிர் பச்சையாக இருக்கும்வரை கட்டலாம். முற்றிய கிளையை வளைக்கப் பார்த்தால் சாக்பீஸ் போல முறியும். முள் வேறு. வளரவிட்டு வெட்டி, வெட்டிய இடத்தில் கிளம்பும் மொட்டின் திசையைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு ஏற்ற முறை.

தளிர் நுனி கருகி, கொக்கிபோல வளைந்து தொங்குகிறது.

தாமதிக்காதீர்கள். ஆப்பிள், பேரிக்காய்க் குடும்பத்தைத் தாக்கும் தீக்கருகல் நோயாக இருக்கலாம். குயின்ஸும் ரோஜாக் குடும்பம்தான். கருகல் முடியும் இடத்திலிருந்து கீழே 20 சென்டிமீட்டராவது தள்ளி வெட்டச் சொல்வார்கள். போன்சாயில் அது கிளை முழுவதையும் குறிக்கும். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வெட்டுங்கள்.

எந்த வகை வாங்குவது?

சிறு தொட்டிக்குச் சோஜுபாய். குட்டி இலை, இளமையிலேயே முதுமை காட்டும் சொரசொரப்பான பட்டை, ஆண்டில் சில முறை பூ. ஆனால் தண்டு தடிக்க ஆயுளில் பாதி போய்விடும். பெரிய பூவும், ஒரே செடியில் வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பும் வேண்டுமென்றால் தோயோ நிஷிகி.

என் செடியில் மூன்று காய்கள். விட்டுவைக்கலாமா?

சிறு செடி என்றால் ஒன்றை விட்டு மற்றதைப் பறித்துவிடுங்கள். காய் வளர்ப்பது செடிக்குப் பெருஞ்செலவு. தன் மகரந்தத்தால் இது எளிதில் காய்ப்பதில்லை என்பதால் அருகில் வேறொரு வகை இருக்கிறது என்று ஊகிக்கிறேன். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. பெக்டின் நிறைந்திருப்பதால் ஜாமுக்கு அருமை. இதன் தாவரவியல் பெயரான கீனோமெலிஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் ‘வாய் பிளந்த ஆப்பிள்’ என்று பொருள். கனி தானே பிளக்கும் என்று தவறாக நம்பி வைத்த பெயர் அது. நீங்கள் எவ்வளவு நாள் காத்திருந்தாலும் பிளக்காது, கத்திதான் வேண்டும்.