காடு, காளான், திருக்கை

கேள்வி: திருக்கை வாலிலும் நஞ்சு, காட்டுக் காளானிலும் நஞ்சு. எது கொடியது? இரண்டையும் நன்றாக வேகவைத்தால் போதாதா? (வாசகர், காங்கயம்)

பதில்: முதலில் அந்தக் 'காடு'. நம் கொங்கில் காடு என்றால் வனமல்ல. சோளமும் கடலையும் விதைக்கிற மானாவாரி நிலம், கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலமான கொறங்காடு. 'காட்டுக்குப் போயிட்டு வர்றேன்' என்று கிளம்புகிற ஆத்தா புலி பார்க்கப் போகவில்லை. இடி இடித்து மழை பெய்தபின் அந்த மண்ணில் முளைக்கும் புற்றுக்காளானில் நஞ்சே கிடையாது. அது கறையானின் வெள்ளாமை. தின்ற சருகைப் புற்றுக்குள் தேனடைபோல அடுக்கி, அதில் பூஞ்சையை வளர்க்கிறது. காளானின் தண்டு வேர்போல நீண்டு அந்த அடைவரை இறங்கும். ஜேசிபி விட்டுப் புற்றை நிரவினால் காளானும் போச்சு. வேலியோரப் புற்றையாவது விட்டுவையுங்கள் என்று இந்தப் பக்கத்தில் ஓயாமல் எழுதுவது இதற்காகத்தான்.

நஞ்சு இருப்பது வேற்றுக் காளான்களில். புற்றுக்காளானின் குடை நடுவே கூராக இருக்கும். குடைக்கடியில் மடல்கள் பச்சை பாய்ந்திருந்தாலோ, தண்டின் அடியில் முட்டை ஓடு மாதிரிப் பை இருந்தாலோ தொடாதீர்கள். அப்படிப் பையுள்ள அமானிட்டா வகைகளில் சில ஆளைக் கொல்லும். எது கொடியது என்றால் இதுதான். கொதித்தாலும் காய்ந்தாலும் இதன் நஞ்சு அழியாது. 6 மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தி பேதி. பிறகு தேறியதுபோலக் காட்டி, ஈரலைக் கெடுக்கும். பூண்டு கறுத்தால் நஞ்சு, வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்பதெல்லாம் பொய். அதை நம்பிச் சட்டி ஏற்றாதீர்கள்.

திருக்கை முள்ளின் நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். குத்துப்பட்ட காலைத் தாங்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைப்பது அதனால்தான். முள் உள்ளே ஒடிந்திருக்கலாம், மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

கோவை உக்கடம் மீன் சந்தையில் திருக்கை வாங்குகிறவருக்கு முள் பிரச்சினையல்ல, நாற்றம்தான். கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க உடம்பில் யூரியாவைத் தேக்கி வைக்கும் மீன் அது. செத்தபின் அந்த யூரியா அம்மோனியாவாகும். செவுளருகே முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறினால் வேண்டாம். லேசாக இருந்தால் கொதிநீர் ஊற்றித் தோலைச் சுரண்டி, கல்லுப்பும் மஞ்சளும் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, புளிக்கரைசலில் 20 நிமிடம் போடுங்கள். எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். வெந்ததும் உதிர்த்துப் புட்டு செய்யலாம்.