பெட்டியில் அச்சடித்த தூரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: லேசர் தூரமானி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பெட்டியில் 1,000 கெஜம் என்று போட்டிருக்கிறது. மாந்தோப்பின் எல்லையிலிருந்து எதிரே உள்ள கரட்டைக் குறிவைத்தால் 350-க்கு மேல் வெறும் கோடுதான் வருகிறது. ஏமாந்துவிட்டேனா? (வாசகர், போச்சம்பள்ளி)

பதில்: பாதி ஏமாந்திருக்கிறீர்கள். அந்த 1,000 கெஜம், ஒளியை நன்றாகத் திருப்பியடிக்கும் பலகைக்குக் கிடைப்பது. மரத்துக்கும் பாறைக்கும் குறையும். மான் தோலுக்கு இன்னும் குறையும். நேர்மையான நிறுவனங்கள் மூன்றையும் தனித்தனியே அச்சிடுகின்றன. உங்கள் பெட்டியில் பெரிய எண் மட்டும்தான் இருக்கிறதென்றால், அதைப் படமெடுத்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: நிலக்கடலையைக் காட்டுப்பன்றிகள் உழுதுவிட்டுப் போகின்றன. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஸ்கோப் மாட்டினால் 100 மீட்டரில் பன்றியை அடிக்கலாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (விவசாயி, தேன்கனிக்கோட்டை)

பதில்: வேண்டாம். லைசென்ஸ் தேவையில்லாதது சின்னக் குழல் ஏர்கன்னுக்குத்தான், வேட்டைக்கு இல்லை. பன்றியைச் சுட்டால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும், கடைக்காரர் பெயரில் வராது. அந்தச் சின்ன ஈயக் குண்டு பன்றியைக் கொல்லவும் செய்யாது, புண்ணாக்கி ஓடவிடும். 2025-இல் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை; 1 முதல் 3 வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடலாம்; அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். உங்கள் நிலம் எந்த எல்லையில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, பயிர் இழப்பீட்டுக்கும் சேர்த்து மனு கொடுங்கள். விதைப்புச் செலவையே எடுக்க முடியாதவரிடம் ஸ்கோப் விற்கப் பார்த்த ஆளை என்ன சொல்வது!

கேள்வி: சந்தையில் ‘60×60’ என்று எழுதிய ராணுவ பைனாகுலர் வாங்கினேன். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. (வாசகர், அரூர்)

பதில்: என் அலமாரியில் ‘90×80’ தூங்குகிறது. உண்மையிலேயே 60 மடங்கு, முன்கண்ணாடி 60 மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 1 மில்லிமீட்டர்தான். நடுங்கும் கையில் அதைப் பிடித்து ஒன்றும் பார்க்க முடியாது. அடுத்த முறை 8×42.

கேள்வி: அமெரிக்காவில் மொன்டானாவில் இருக்கும் மைத்துனர் மான் வேட்டைக்கு அழைக்கிறார். அங்கே உரிமத்தோடு வேட்டையாடலாமாம். மின்கருவி எதுவும் இல்லாமல் பழைய முறையில் போகிறார்கள். தூரம் கணிக்க, உள்ளே அளவுப் புள்ளிகள் உள்ள ‘மில்-டாட்’ ஸ்கோப் வாங்கிப் போகலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: வாங்குவதென்றால் அங்கே போய் வாங்குங்கள். அதற்கு முன் இதைப் படியுங்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் உண்டு.

1 மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். வெள்ளைவால் மானின் முதுகிலிருந்து மார்புக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். புள்ளிகளுக்கிடையே அது 3 மில் அளவுக்குத் தெரிந்தால், 45 சென்டிமீட்டரை 450 மில்லிமீட்டராக்கி 3-ஆல் வகுத்தால் 150 மீட்டர். கணக்கு இவ்வளவுதான், பேட்டரி தேவையில்லை. ஆனால் 3-9 மடங்கு ஸ்கோப்புகள் பலவற்றில் மடங்கை மாற்றும்போது புள்ளிகள் கூடவே மாறுவதில்லை. குறிப்பிட்ட ஒரு மடங்கில் மட்டுமே அந்தக் கணக்கு சரி. அது எந்த மடங்கு என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பெழுத்தில் இருக்கும், பெட்டியில் இருக்காது. இன்னொரு அநியாயம்: உள்ளே புள்ளி மில்லில், வெளியே குறியைத் திருத்தும் திருகு எம்.ஓ.ஏ. என்ற வேறொரு கோண அளவில். 1 மில்லுக்கு 3.44 எம்.ஓ.ஏ. காட்டில் நின்று இதை யார் பெருக்குவது? இரண்டும் ஒரே அளவில் இல்லாத ஸ்கோப்பைத் தொடாதீர்கள். மானும் குட்டியாக இருந்தால், உள்ளதைவிட அதிகத் தூரம் என்றே கணக்கு சொல்லும்.

.30-30 துப்பாக்கியும் இரும்புக் குறியும் வைத்திருந்த அந்தக் காலத்து ஆட்கள் இவ்வளவு வகுக்கவில்லை. குண்டு எதுவரை அதிகம் தாழாமல் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். மான் அதற்கு அப்பால் நின்றால் காற்றுக்கு எதிரே நடந்து நெருங்குவார்கள், முடியாவிட்டால் விட்டுவிடுவார்கள்.

செலவில்லாத பயிற்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் நிற்கும். ஓரமாக நின்று முதலில் ஊகியுங்கள், பிறகு காலடி எண்ணுங்கள். நல்ல வெயிலில் பொருள் கிட்டத்தில் இருப்பதுபோலவும் மூடுபனியில் எட்ட இருப்பதுபோலவும் தெரியும். நடுவே பள்ளம் மறைந்திருந்தால் கிட்டத்தில் என்றே தோன்றும். கட்டைவிரல் முறையும் உண்டு: கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி விரலைக் குறியில் வையுங்கள். கண்ணை மாற்றினால் விரல் நகர்ந்ததுபோல் தெரியும். அது அங்கே இரண்டு பஸ் நீளம் நகர்ந்திருந்தால், 22 மீட்டரைப் பத்தால் பெருக்கி 220 மீட்டர். தோராயம்தான்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த பழைய வேட்டைத் துப்பாக்கிக்கு முன்பணம் 15,000 அனுப்பினேன். இப்போது பார்சல் கட்டணம் கேட்கிறார். (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: இனி ஒரு பைசா அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் புகார் செய்யுங்கள். துப்பாக்கி வந்து சேர்ந்திருந்தால் உங்கள் மீதே ஆயுதச் சட்ட வழக்கு பாய்ந்திருக்கும்.

கேள்வி: மகள் பள்ளியளவில் ஏர் ரைபிள் போட்டிக்குத் தயாராகிறாள். நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தேன். பயிற்சியாளர் பார்த்துவிட்டு, இது .22 (5.5 மில்லிமீட்டர் குழல்), செல்லாது என்கிறார். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். (தாய், தர்மபுரி)

பதில்: அம்மா, தவறு உங்களுடையது இல்லை. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கு 4.5 மில்லிமீட்டர் மட்டுமே. அதைவிடப் பெரிய குழலுக்கு 2016 ஆயுத விதிகளில் லைசென்ஸ் தேவை. போட்டிக்கு என்று சொல்லி வாங்கியவரிடம் அதை விற்றிருக்கவே கூடாது. துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதன் நகல், பில், பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த குறிப்பு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. அடகு வட்டியையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேளுங்கள்.